விருந்தினர் அறை

கள்ளிக்குப்பம்,
10 பிப்ரவரி 2024

அலெக்ஸுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆபீஸ் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்குக் கிளம்பினேன். காபிகூடக் குடிக்கவில்லை.

"இன்னாடி, விடியறதுக்குள்ள எங்க கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுக்கு மார்க்கிங் போட்டிருக்காங்களாம். பாத்துட்டு வரேன்."

"அதான் ஜெகன் கீறானே. காண்ட்ராக்ட் எடுத்தவன் பாத்துக்க மாட்டானா? நீ எதுக்கு?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து ஊரில் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் பிளான் வரைந்துகொண்டிருக்கிறேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் நான் வரைந்த படிக்கட்டுகளில் யார் யாரோ ஏறி இறங்குகிறார்கள். நம் வீட்டின் கோடு தரையில் விழுந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா?

பழைய வீட்டை இடித்த மண்ணை அள்ளி, மனையைச் சமன் செய்துவிட்டார்கள். ஈர மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடுகள். மற்றவர்களுக்கு அது கோலம் தப்பிப்போன மாதிரி இருக்கும். வரைகிறவர்களுக்கு அதில் சுவர் தெரியும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது தெரியும். நான் வாசல் வழியாகவே உள்ளே போனேன். சுவர் எழும்பாத வீட்டில் சுவரைத் தாண்டக் கால் வரவில்லை. இது ஹால். இது அம்மா அறை. இது சமையலறை. திரும்பி முன்பக்கம் வந்தேன். தெருவைப் பார்த்து வடக்கே இருக்க வேண்டிய அறைக்குக் கோடு இல்லை.

நாய் புரண்டு அழித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். டேப்பை நீட்டிப் பார்த்தேன். இரண்டு தூண் குறிகள் இடம் மாறியிருந்தன. நாய் தூணை மாற்றாது.

வரதன் மேஸ்திரி டீ டம்ளரோடு வந்தார். "யக்கா, இன்னா தேடிக்கினு கீற?"

"இங்க ஒரு ரூம் இருக்கணுமே, மேஸ்திரி."

"அது காரு உட்ற எடம்க்கா. புது டிராயிங்ல அப்டிதான் கீது, ஜெகன் சார் குட்த்தாரு. நீ பாக்கலயா? நீதான வரையற ஆளு?"

செங்கல் இறக்கிக்கொண்டிருந்த தாயம்மா திரும்பிப் பார்த்தாள். "காருக்கு ஊடு கட்றாங்கோன்னு சொல்லு. காரு எங்கக்கா கீது?"

"இனிமேதான் வாங்கணும். வாங்கறவரு மஸ்கட்ல இருக்காரு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றிருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

அனுமதி வாங்க ஒரு வரைபடம், வேலைக்கு ஒரு வரைபடம் என்று இரண்டு வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் புதிதல்ல. முதலாவதில் விதி இருக்கும். இரண்டாவதில் வீட்டுக்காரரின் மனசு இருக்கும். எத்தனையோ பேருக்கு இரண்டாவதை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். நம் வீட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு, அது என் கண்ணில் படாமல் வேறு யாரோ வரைந்து மேஸ்திரி கையில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பும் பதிவுகளை நான் கேட்கப்போவதில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மெயிலில் எழுது. ஏன் என்று மட்டும் எழுது.

ஸ்வீட்லின்


மஸ்கட்
13.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் லெட்டர் எழுதி எவ்ளோ வருஷம் ஆச்சு. தப்பு இருந்தா சிரிக்காதே. நீ போன் எடுக்கலன்னதும் இங்க எனக்கு வேலையே ஓடல.

கார் ஷெட் விஷயத்த நானே சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. லீவு முடிஞ்சு கிளம்பற அவசரத்துல விட்டுப்போச்சு. அப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அதுக்குள்ள நீ போய் டேப் வெச்சு அளந்துட்டே.

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. பிளான்ல அந்த ரூமுக்கு நீ என்ன பேரு போட்டிருந்தே? விருந்தினர் அறை. நீதானே போட்டே? ஜெபிஷா அதைப் பாத்துட்டு, "நம்ம வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்து தங்கப் போறாங்க, அவங்களுக்கு எதுக்குக் கீழ தனி ரூம்"னு கேட்டா. நான் என்ன சொல்றது? மாமியார் வேற, "நாம வாஸ்து எல்லாம் பாக்கறதில்ல, ஆனா வடக்கு மட்டும் கொஞ்சம் காலியா இருக்கட்டும்"னாங்க. நம்மாளுங்களுக்கு ஜெபமாலையும் வேணும், வாஸ்துவும் வேணும், உனக்குத் தெரியாதா.

உனக்கு ரூம் வேணும்னா "ஸ்வீட்லின் ரூம்"னு எழுதியிருந்தா யாரு அழிக்கப்போறா? நான் என்னத்த கண்டேன்.

உனக்கு இடம் இல்லாமலா? ஹால் எவ்ளோ பெருசு, நீயே வரைஞ்சதுதானே. அங்க எங்க வேணா படுத்துக்கலாம். மாடில மூணு ரூம் இருக்கு. நாங்க வருஷத்துல பதினோரு மாசம் இங்கதான். எந்த ரூம் வேணுமோ எடுத்துக்க. முழு வீடே உன்னுதுதான்க்கா.

தயவுசெஞ்சு அம்மாகிட்ட இத வெச்சு சண்டை போடாதே. அவங்களுக்கு பி.பி.

அன்புடன்,
அலெக்ஸ்


கள்ளிக்குப்பம்,
18 பிப்ரவரி 2024

அலெக்ஸுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன்.

பிளானில் ஆட்களின் பெயரை எழுதும் வழக்கம் கிடையாது. படுக்கை அறை, சமையலறை, குளியலறை என்றுதான் எழுதுவோம். யார் வீட்டுக்கானாலும் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும். அன்று கீழ்த்தளத்தில் அம்மாவின் அறைக்கும் மாடியில் உங்கள் அறைகளுக்கும் எழுதிவிட்டு இந்த அறைக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. 'படுக்கை அறை' என்று தட்டினேன். இன்னொன்றா, இது யாருக்கு என்று ஜெபிஷா கேட்பாள், நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அழித்தேன். 'விருந்தினர் அறை' என்று எழுதினேன். கௌரவமான சொல். யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்துவிட்ட தங்கை, கல்யாணம் ஆகாத அக்கா, இப்படி யாராவது இருக்கிற வீடாக இருக்கும். அந்த அறையைக் காட்டி, "இத ஸ்டோர்னே போட்ருங்க மேடம்" என்பார்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. என் விஷயத்தில் யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

ஆனால் நீ பெயரை மட்டுமா பார்த்தாய்? விருந்தினர் அறை என்றால் இரட்டைக் கட்டில் வரைவோம். நான் ஒற்றைக் கட்டில் வரைந்திருந்தேன், என் கட்டிலின் அளவில். வடக்கு ஜன்னலுக்குக் கீழே கம்ப்யூட்டர் மேசை வரைந்திருந்தேன். வடக்கு வெளிச்சம் திரையில் கூசாது, கண்ணுக்கு நல்லது. எந்த விருந்தாளியப்பா கண்ணுக்கு நல்லது என்று மேசை போட்டுக்கொண்டு தங்குவான்?

போன வருஷம் லீவில் வந்திருந்தாயே. வீடு இடிப்பதற்கு முன்னால். சாப்பாட்டு மேசையில் பிளானை விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்தோம். நீ விரலால் ஒவ்வொரு அறையாக நடந்து வந்தாய். அந்த அறையில் விரல் நின்றது. "இங்க எதுக்குக்கா மேஜை?" என்று கேட்டாய். "இருக்கட்டும்டா" என்றேன். நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். விரலை அடுத்த அறைக்கு நகர்த்தினாய். தம்பிக்குப் புரிந்துவிட்டது என்று அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த லீவின் கடைசியில், வீட்டை இடித்த கையோடு முதல் கல் மந்திரித்த நாளையும் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, "இந்த வீட்ல குடியிருக்கப் போறவங்க ஆளுக்கு ஒரு செங்கல் எடுத்து வைங்க" என்றார். நம் பங்குக் கோவில் வழக்கம்தான். அம்மா வைத்தாள். நீ வைத்தாய். ஜெபிஷா வைத்தாள், பிள்ளைகள் கையைப் பிடித்து அவர்களையும் வைக்கச் சொன்னாள். நான் குனிந்து ஒரு கல்லை எடுத்திருந்தேன். "அண்ணி, நீங்கதான் நல்லா எடுப்பீங்க, வீடியோ எடுங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள். கல்லைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டேன். அந்த வீடியோவை எத்தனையோ பேருக்கு நானே அனுப்பினேன், அலெக்ஸ். அதில் நான் இல்லை என்பது இந்த வாரம்தான் உறைத்தது.

இடத்தை அம்மா உன் பெயருக்கு எழுதியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. நான் கேட்டது ஓர் அறை. அதையும் வாயால் கேட்கவில்லை. அதுதான் உனக்குச் சாதகம்.

'எங்க வேணா படுத்துக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். எந்த வீட்டுப் பிளானிலும் அப்படி ஓர் அறையை நான் வரைந்ததில்லை.

அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தபோது உனக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.

ஸ்வீட்லின்


மஸ்கட்
09.03.2024

அக்கா,

தெரியும்.

மேஜையப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. உன் மூஞ்சியப் பாத்ததும் இன்னும் நல்லா தெரிஞ்சுது.

மூணு வாரமா இத எழுதி எழுதி அழிக்கறேன். ஜெபிஷா மேல பழி போட்டும் ஒரு தடவ எழுதினேன். அது சரியில்ல. அவ கேட்டா, யாருக்கு அந்த ரூம்னு. அக்காவுக்குனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா, "அப்போ அவங்க காலம் பூரா நம்மளோடதானா"னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு ஆமான்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீ விருந்தினர்னு எழுதி வெச்சிருந்தது எனக்கு வசதியா போச்சு. அதைக் காட்டித் தப்பிச்சுட்டேன்.

இங்க வந்த புதுசுல நாங்க எட்டு பேரு ஒரே ரூம்ல இருந்தோம். போன் பேசணும்னா கூட மாடிப்படிக்குப் போகணும். நீ அப்போ சொல்லுவ, "முடியலன்னா வந்துடுடா, இங்க உனக்கு உன் ரூம் இருக்கு"ன்னு. எனக்கு அது மறக்கல. மறந்திருந்தா நல்லாருக்கும்.

பில்லர் எல்லாம் எழும்பிடுச்சாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஜெகன் சொல்றான்.

என்ன வேணா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

அலெக்ஸ்


மஸ்கட்
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச்சுல எழுதினதுக்கு நீ பதில் போடல. நானும் திரும்பத் திரும்ப எழுதி உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன். நீ சைட் பக்கமே போறதில்லன்னு வரதன் மேஸ்திரி சொன்னாரு. "அக்கா வந்தா ஒரு கண்ணு பாத்து சொல்லும், அதுவும் வர்றதில்ல"ன்னு அவருக்கே வருத்தம்.

வீடு முடியப் போகுது. டைல்ஸ் ஒட்டியாச்சு. பெயிண்ட் மட்டும் பாக்கி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வீடு மந்திரிப்பு வெச்சுக்கலாம்னு ஃபாதர்கிட்ட பேசிட்டேன். நாங்க எல்லாரும் வர்றோம். ஜனவரில திரும்பிடுவோம். பிள்ளைங்க ஸ்கூல் இங்கதான், இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு அங்க வர முடியாது.

அதனாலதான் எழுதறேன். அம்மாவத் தனியா விட முடியாதுக்கா. கள்ளிக்குப்பம் வாடகை வீட்ட டிசம்பரோட காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் சேக்காட்டுக்கு வந்துடுங்க. புது வீட்டப் பூட்டி வெச்சா கெட்டுடும். நீ இருந்தா நான் இங்க நிம்மதியா தூங்குவேன்.

ஹாலுக்கு சோஃபா கம் பெட் ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன். ராத்திரி இழுத்தா கட்டில், காலையில தள்ளினா சோஃபா. நல்ல கம்பெனி. உனக்காகத்தான் வாங்கினேன். மாடி ரூம்ல எல்லாம் ஜெபிஷா சாமான் வெக்கப்போறா, அதனால மாடிய மட்டும் பூட்டிட்டுப் போயிடுவோம். தூசி அடையும்னு சொல்றா. அத மனசுல வெச்சுக்காதே.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

அன்புடன்,
அலெக்ஸ்


கோவில்பதாகை,
17 நவம்பர் 2024

அலெக்ஸுக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து உனக்குக் குழப்பமாக இருக்கும். முதலில் உன் கடிதத்துக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

தூண் எழும்பிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று மார்ச்சில் எழுதினாயே, அதை வேறு யாருக்காவது எழுதியிருக்கலாம். தூண் நின்ற பிறகு சுவர் வைப்பதும் எடுப்பதும் எங்களுக்குத் தினசரி வேலை. ஒற்றைச் செங்கல் அகலத்தில் இரண்டு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். வரதன் மேஸ்திரி பேசிக்கொண்டே கட்டி முடித்திருப்பார். நீ சொல்வாய் என்று மழைக்காலம் வரைக்கும் காத்திருந்தேன். உனக்குத் தெரியும் என்று நீ எழுதியதுகூட என்னை இவ்வளவு நோகடிக்கவில்லை. தெரியும் என்று எழுதிவிட்டு எட்டு மாதம் அந்தச் சுவரை வைக்காமல் இருந்தாயே, அதுதான்.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, மூணு ரூமைப் பூட்டி வெச்சிட்டு நான் ஹால்ல படுக்கணுமாம். உனக்கு இது சரியாப் படுதா?"

"இன்னாடி கொறஞ்சிடும்? ஹால்ல ஃபேன் கீது, டி.வி. கீது. உங்கப்பா எனக்குன்னு ரூம் வெச்சாரா? அடுப்பு பக்கத்துல முந்தானய விரிச்சித்தான் உங்க ரெண்டு பேரையும் வளத்தேன். அவன் ஆம்பளப் புள்ள, கஷ்டப்பட்டுக் கட்டிகீறான். அவன் ஊடு."

அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். அவளுக்கு இந்த வயதில் முதன்முதலாகக் கதவு வைத்த அறை கிடைக்கப்போகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவள் படுத்த இடத்தில் நானும் படுக்க வேண்டும் என்பதை ஏதோ சீதனம் மாதிரி என்னிடம் தருகிறாள். அதை வாங்கிக்கொள்ளவும் மனமில்லை.

இனி இந்த ஊர். இங்கே ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சாவியை இன்றுதான் வாங்கினேன். வீட்டுக்கார அம்மாள் சாமுண்டீஸ்வரி கறாரான ஆள்.

"யார் யார் இருப்பீங்கோ?"

"நான் மட்டும்தான்."

"தனியாவா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"தம்பி இருக்கான். வெளிநாட்ல."

"அவுங்க இவுங்கன்னு வந்து தங்கினா தண்ணிக்குக் கஷ்டம் ஆவும். இப்பவே சொல்ட்டேன்."

"யாரும் வந்து தங்க மாட்டாங்கம்மா" என்றேன். அவளுக்குத் திருப்தி.

அறை நன்றாக இல்லை, அலெக்ஸ். ஜன்னல் மேற்கே பார்க்கிறது. சாயந்திரம் வெயில் நேராகத் திரையில் விழும், தடித்த துணி போட வேண்டும். குளியலறைக்கு வெளியே போய் வர வேண்டும். டேப்பை வைத்து அளந்து பார்த்தேன், ஒரு மூலை கோணல். நான் உங்களுக்கு வரைந்து கொடுத்த அறையின் அருகில் இது நிற்காது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. இன்று அதைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாரும் கதவைத் தட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதை யாருக்காகவும் அடக்க வேண்டியிருக்கவில்லை.

சேக்காட்டு வீட்டில் நான் குடியிருக்கப் போவதில்லை. அம்மாவைக் கொண்டுபோய் அவள் அறையில் விடுவேன். மாத்திரைகளை எடுத்து வைப்பேன். ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் பார்த்துவிட்டு வருவேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப்போவேன். இருட்டியதும் இங்கே வந்துவிடுவேன். இரவில் அம்மாவோடு யார் இருப்பது என்பதற்கு நீ ஆள் வைப்பாயோ, ஜெபிஷாவை அனுப்புவாயோ, அம்மாவை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொள்வாயோ, அது நீங்கள் போட வேண்டிய பிளான். அதில் என்னை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் போடுங்கள். உங்களுக்குப் பழக்கம்தான்.

இதை இப்போது அனுப்ப மாட்டேன், மந்திரிப்பு முடிந்த இரவில்தான். அனுப்பினால் நீ அம்மாவுக்குப் போன் செய்வாய், அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், நான் அந்த சோஃபாவை இழுத்துப் போட்டுப் படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆபீசில்கூட யாருக்கும் சொல்லவில்லை. அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போயிருக்கிறேன் என்று.

மந்திரிப்பு அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவேன். போனை நீட்டினால் வீடியோவும் எடுப்பேன். பிரியாணி சாப்பிடுவேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்போது நானும் கிளம்புவேன். "இருந்துட்டுப் போங்களேன்" என்று எல்லோரிடமும் சொல்வதை ஜெபிஷா என்னிடமும் ஒரு பேச்சுக்குச் சொல்வாள். "இன்னொரு நாள் வரேம்மா" என்பேன். அன்று வந்தவர்களின் செருப்பெல்லாம் முன்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில்தான் கிடக்கும். வடக்கு ஜன்னல் வரவேண்டிய சுவரோரமாக என்னுடையதைக் கழற்றி வைத்திருப்பேன். தேட வேண்டியிருக்காது.

ஸ்வீட்லின்